மூலையில் வரும் அந்தச் சின்ன எண்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன வாரம் மதிய இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், அளவுகோலைத் துப்பாக்கியாக நீட்டி, நண்பனை மண்டியிட வைத்து, நீளமாக வசனம் பேசிக்கொண்டிருந்தான். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது. எந்தத் தொடர் என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். அப்புறம் நான் கேட்காமலேயே, "பதினாறு பிளஸ் சார், ஆனா அது சும்மா போடுவாங்க" என்றான். யாரோடு உட்கார்ந்து பார்த்தாய் என்றதற்கு, "நான் மட்டும்தான்" என்றான்.

அந்த இரண்டாவது பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கு ஒரே டிவி பெட்டி, அதுவும் கூடத்தில் என்றிருந்த காலத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஏடாகூடமான காட்சி வந்தால் தாத்தா தொண்டையைச் செருமுவார், அம்மாவுக்குத் திடீரென்று தண்ணீர் வேண்டியிருக்கும், நம்மைத்தான் எழுப்பி அனுப்புவார். வீட்டுத் தணிக்கை அவ்வளவுதான். பிரிட்டனில் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள்: பிள்ளைகளுக்கு ஆகாததை இரவு 9 மணிக்கு முன் ஒளிபரப்பக் கூடாது. அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் தூங்கப் போயிருப்பார்கள் என்ற கணக்கு. நினைத்த நேரத்தில் நினைத்ததைப் பார்க்கலாம் என்று வந்த பிறகு கடிகாரம் எதைக் காவல் காக்கும்?

கடிகாரத்தோடு முத்திரையும் வந்தது. அமெரிக்காவில் 1997 முதல் திரையின் மூலையில் டிவி-பிஜி (பெற்றோர் துணை தேவை), டிவி-14 (பதினாலுக்குக் கீழே ஆகாமல் போகலாம்) என்று போட ஆரம்பித்தார்கள். வன்முறையா, மோசமான பேச்சா என்று காரணம் சொல்லும் எழுத்துகளும் அதே ஆண்டில் சேர்ந்தன. அந்த முத்திரையைப் படித்து நிகழ்ச்சியை மறிக்கும் வி-சிப், 2000 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகளில் கட்டாயம். நெதர்லாந்தில் 2001 முதல் வயதோடு படமும் போடுகிறார்கள். முஷ்டி என்றால் வன்முறை, சிலந்தி என்றால் பயமூட்டும் காட்சி. எனக்குப் பிடித்த முறை இதுதான். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் சிலந்தி புரியும். இந்தியாவில் ஓடிடி நிகழ்ச்சிகளுக்கு 7+, 13+, 16+ என்ற பிரிவுகள் 2021 விதிகளில் வந்தன. 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும்.

பையன் சொன்னது போல யாரும் சும்மா போடுவதில்லை. ஆனால் இந்த மூன்று நாடுகளிலும் எண்ணைப் போடுவது பெரும்பாலும் நிகழ்ச்சியைத் தருகிறவர்களேதான். உங்கள் பிள்ளை இருட்டுக்குப் பயப்படுவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் காரணத்தைப் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே 13+ ஒரு தொடரில் கெட்ட வார்த்தைக்காக இருக்கும், இன்னொன்றில் ரத்தத்துக்காக இருக்கும்.

முத்திரையே இல்லாதவையும் உண்டு. அமெரிக்க முறையில் செய்திக்கும் விளையாட்டுக்கும் விலக்கு. மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று சில நாளாகத் தூங்கவில்லை என்று அதன் அம்மா வந்து சொன்னார். விசாரித்தால், சாப்பாட்டு நேரத்தில் ஓடிய செய்தியில் ஒரு விபத்துக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

ஊருக்குத்தான் உபதேசமா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் கணக்குக்கு ரகசிய எண் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். எட்டு வயதுப் பேத்தி இரண்டாவது முயற்சியில் திறந்துவிட்டாள். எண் 1234.

சரி, இனி செய்ய வேண்டியது. பிள்ளைக்குத் தனி புரொஃபைல் போட்டு, வயதைச் சரியாகக் கொடுங்கள். அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒன்று முடிந்ததும் எழுந்து போகப் பிள்ளைக்கு ஓர் இடைவெளி கிடைக்கும். புதுத் தொடர் ஆரம்பித்தால் முதல் பகுதியையாவது கூட உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குப் போரடிக்கும், தெரியும். இருந்தாலும் அரை மணி நேரம்தான்.

வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது கைப்பேசியை எடுத்து வாருங்கள். பூட்டு போடத் தெரியாதவர்களுக்குக் கணினி ஆசிரியை அங்கேயே செய்து காட்டுவார். முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்