தெருவிளக்கு கீழே பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டவுனுக்குள் இருந்துகொண்டு நெபுலாவை, அதாவது வெள்ளிகளுக்கு நடுவே கிடக்கிற வாயு, தூசு மேகத்தை, படம் பிடிக்க ஏலாது என்று இங்கே கமரா வைத்திருக்கிற பெடியன்கள் பலர் நம்புகிறார்கள். ஏலும். கல்லடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்துதான் நான் பிடிக்கிறேன்.

மாரி மழை ஓய்ந்து மாசியில் வானம் வெளிக்கும்போது, இரவு எட்டு மணியளவில் ஓரியன் என்ற வெள்ளிக்கூட்டம் நம் தலைக்கு மேலேயே வந்துவிடும். திருவாதிரை வெள்ளிக்குத் தெற்கே மூன்று வெள்ளிகள் வரிசையாக நிற்கும், அதற்கும் கொஞ்சம் தெற்கே மங்கலாகத் தெரிவதுதான் ஓரியன் நெபுலா, 1,300 ஒளியாண்டுக்கு மேல் தூரம். லண்டனில் இருக்கிற நம் சொந்தக்காரருக்கு அது 33 பாகை உயரத்தைத் தாண்டாது, நமக்கோ 77 பாகை. ஊர் வெளிச்சம் ஆகக் குறைவாக இருப்பதும் அந்த உச்சிப் பக்கம்தான், இதைவிட என்ன வேண்டும்!

இதைப்போல வாயு தானே ஒளிர்கிற நெபுலாக்களின் ஒளி பெரும்பாலும் ஒருசில நிறங்களில் மட்டும்தான் வரும். ஐதரசனின் சிவப்பு 656 நனோமீற்றர் அலைநீளத்தில், ஒட்சிசனின் பச்சை கலந்த நீலம் 501இல். இந்த இரண்டை மட்டும் விடுகிற பில்டர் கிடைக்கிறது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி 589ஐச் சுற்றியே இருந்ததால் பில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், ஆனால் இப்போது வருகிற வெள்ளை எல்.ஈ.டி எல்லா நிறத்தையும் கொட்டுவதால் கொஞ்சம் பில்டருக்குள்ளாலும் நுழைந்துவிடுகிறது. மிச்சத்தைப் படங்களை அடுக்கிச் சரிக்கட்ட வேண்டும். நூறு படத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பொடிப்பொடியாகத் தெரிகிற இரைச்சல் பத்தில் ஒன்றாகும், சிரில் போன்ற இலவச மென்பொருளே அதைச் செய்யும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலத்தூசு வேறு கதை, அது வெள்ளிகளின் ஒளியைத் தெறிக்கவிடுவது, பில்டர் உதவாது, இருட்டான வாகரைப் பக்கம் போக வேண்டியதுதான்.

அப்புறம் நான் எழுத வந்த விஷயம். எங்கள் ஒழுங்கை முனையில் உள்ள தெருவிளக்கு தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கத்துத் தென்னையில் ஓலையை எண்ணலாம், ஆனால் கம்பத்தடியில் கான் எங்கே, பாதை எங்கே என்று தெரியாமல் வயதானவர்கள் தடவித்தடவி நடக்கிறார்கள். நாம் காசு கட்டுகிற மின்சாரம் ஓலைக்கும் வானத்துக்கும் போகிறது. விளக்கை அணைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, இரவில் வேலை முடிந்து வருகிற பெண்பிள்ளைகளுக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். அந்தத் தலையைத் தரைக்கு நேராகத் திருப்பி, மேற்பக்கம் மூடியுள்ளதாகப் பூட்டினால் பாதைக்கும் வெளிச்சம் கூடும், வானமும் இருட்டாகும். புதிதாக வாங்கும்போது 3,000 கெல்வினுக்கு மேற்படாத, மஞ்சள் சாயலுள்ள எல்.ஈ.டியை எடுங்கள், நீலம் குறைந்த ஒளி வானத்தில் குறைவாகவே சிதறும்.

மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் இருப்பவர்கள் அடுத்த தொகுதி விளக்குக்கு ஓர்டர் கொடுக்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும். பூட்டியானதைத் திருப்ப ஏணியும் ஒரு ஆளும் போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு