பேரனை ஊருக்கு அனுப்புவது குறித்து

கோட்டிங்கன், ஜெர்மனி
தை மாதம்

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். இங்கு மூவரும் நலம். பொங்கல் நோம்பி முடிந்த கையோடு மஞ்சள் வெட்டு தொடங்கிவிட்டதாகவும், வேகவைக்க ஆள் கிடைக்காமல் மாமா அலைவதாகவும் உங்கள் மகன் சொன்னார்.

பேரனை அரச்சலூரில் விட்டுவிட்டு நான் நிம்மதியாக ஆராய்ச்சியைப் பார்க்கலாம் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுதினால் கோவையாகச் சொல்ல முடியும் என்றுதான் இந்தக் கடிதம். உங்கள் மகனும் அம்மாவைப் பெற்ற அமுச்சி வீட்டில் வளர்ந்தவர்தான். அதில் எந்தக் குறையும் நான் காணவில்லை. ஆனாலும் குழந்தை எங்களோடு இருக்கட்டும், அத்தை.

மாமாவுக்கு என் வேலை இன்னும் பிடிபடவில்லை என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் தேங்கிய காட்டில் மஞ்சள் கிழங்கை அழுகவைக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிரியின் பங்காளிகள், இங்கே சர்க்கரை எடுப்பதற்காக விதைக்கும் பீட்ரூட்டின் இளங்கன்றுகளை வேரோடு அழிக்கின்றன. அவை மண்ணில் எப்படித் தங்குகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. விதைப்புக் காலம் தவறினால் ஓராண்டு போய்விடும்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் தற்காலிகப் பணியில் பொதுவாக 6 ஆண்டுகள்தான் இருக்கலாம் என்று இந்நாட்டுச் சட்டம் சொல்கிறது; குழந்தை இருந்தால் அந்த வரம்பு ஒரு குழந்தைக்கு 2 ஆண்டுகள் நீளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீள்வது வரம்பு மட்டுமே. அந்த ஆண்டுகளுக்கான சம்பளப் பணத்தைத் திட்டம் எழுதி நாங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு நேர்முகத் தேர்வில், குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று என்னைக் கேட்டார்கள். உங்கள் மகனை இதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை.

அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததைப் பற்றி ஊரில் பேச்சு எழுந்ததாகச் சொன்னீர்கள். பெற்றோர் இருவரும் விடுப்பைப் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொருவரும் குறைந்தது 2 மாதங்களாவது எடுத்தால், அரசு தரும் உதவித்தொகை 12 மாதங்களுக்குப் பதிலாக 14 மாதங்கள் கிடைக்கும் என்பது இங்கே விதி. அவர் வேலையை இழந்துவிடவில்லை. காப்பகத்தில் குழந்தையைப் பழக்கியதும் அவரே. முதலில் தந்தை அறையின் மூலையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் வெளியே போய் வர வேண்டும். அந்த நேரம் நாளுக்கு நாள் கூடும். அவன் கதவைப் பார்த்துக்கொண்டே அழுதபோது, உங்கள் மகன் வெளித் தாழ்வாரத்தில் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றாராம். இப்போது அவன் மழைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு சேற்றில் குதிக்கிறான். மதியம் உருளைக்கிழங்கு தின்கிறான். இரவில் அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் குறைந்தால் தட்டைத் தள்ளுகிறான்.

இயற்பியல் அறிஞர் மரியா கோப்பெர்ட் மேயர் வளர்ந்ததும், 1930இல் முனைவர் பட்டம் பெற்றதும் இதே ஊரில்தான். கணவரோடு அமெரிக்கா போனவருக்கு, கணவர் பணிபுரிந்த பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தரவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் சரியான சம்பளமில்லாமல் ஆராய்ச்சி செய்தவர், 1963இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். எல்லோரும் அந்தப் பரிசைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். எனக்கு அந்தச் சம்பளமில்லாத ஆண்டுகள்தாம் நினைவில் நிற்கின்றன. நம் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளோ திருமணமே செய்துகொள்ளவில்லை. (கல்லூரிக் காலத்தில் நான் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், இவளும் கல்யாணம் வேண்டாம் என்பாளோ என்று என் அம்மா பயந்தது உங்களுக்குத் தெரியாது.) இந்த இரண்டு வழியும் எனக்கு வேண்டாம், வேலையும் சம்பளத்தோடு வேண்டும், பிள்ளையும் பக்கத்தில் வேண்டும். பேராசை என்று நீங்கள் சொன்னாலும் சரி.

ஆகவே என் வேண்டுகோள் இது. மஞ்சளை மண்டிக்கு அனுப்பிய பிறகு, சித்திரையில் நீங்கள் இருவரும் இங்கே வாருங்கள். அது பீட்ரூட் கன்றுகள் முளைத்து வரும் காலம். காலையிலேயே நான் பீட்ரூட் காட்டுக்குப் போக வேண்டியிருக்கும். விசாவில் 90 நாட்கள் வரை தங்கலாம். மாடுகளைச் சின்ன மாமா பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு வேண்டும். அதை உங்கள் மகன் எடுத்துவிடுவார். மாமாவின் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று மட்டும் பார்த்து உடனே தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்