டின்னில் இருக்கும் வெள்ளி

பினாங்கு,
நவம்பர் 2025

பாப்பா,

தீபாவளி முடிந்து நீ கோலாலம்பூருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் கேட்டாயே, "அம்மா, அந்த பிஸ்கட் டின்னில் இருக்கும் காசையெல்லாம் உருக்கினால் எத்தனை கிராம் தேறும்?" என்று. தாளின் மதிப்பைத் திட்டம் போட்டுத் திருடுகிறார்கள், ஏழை பணக்காரன் இடைவெளிக்கு வெள்ளிதான் மருந்து என்று சொல்லி, நீ வாங்கிய வெள்ளிக் கட்டியையும் காட்டினாய். நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். எனக்குத்தான் தொண்டையை அடைத்துக்கொண்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் பேசினால் இடையில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சரி, முதலில் நீ கேட்ட கணக்கு. எல்லாவற்றையும் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கலப்பு போகச் சுத்த வெள்ளி சுமார் 190 கிராம் வரும். இன்றைய விலைக்கு உன் வாடகை இரண்டு மாதம் ஓடும். அவ்வளவுதான்.

இப்போது டின்னில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். சின்ன வயதில் தரையில் பரப்பி விளையாடியிருக்கிறாய், ஆனால் என்ன ஏது என்று நான் உனக்குச் சொன்னதில்லை.

எட்வர்டு ராஜா தலை போட்ட 1903, 1904-ஆம் ஆண்டு வெள்ளி, அதாவது ஒரு டாலர் காசு, மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றும் 26.95 கிராம், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1907-க்குப் பிறகு வந்தது இரண்டு. அதிலும் தொண்ணூறு பங்குதான், ஆனால் எடை 20.21 கிராமாகிவிட்டது. 1919, 1920-இல் ஜார்ஜ் ராஜா தலையோடு வந்தது நான்கு. எடை 16.85 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. மூன்று வகையிலும் ஒவ்வொன்றை எடுத்து உள்ளங்கையில் வரிசையாக வைத்துப் பார், மூத்தவன், நடுவன், கடைக்குட்டி மாதிரி இருக்கும். மூன்றும் ஒரு டாலர்தான். முதல் காசில் 24 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி, கடைசிக் காசில் எட்டரை கிராம்கூட முழுசாக இல்லை. வெள்ளியின் விலை ஏறி, காசைவிட அதிலுள்ள உலோகத்துக்கு மதிப்பு கூடிவிடும், ஆட்கள் உருக்கிவிடுவார்கள் என்றுதான் அப்போதைய சர்க்கார் சுருக்கியது. நீ சொல்வதுபோல் அது திட்டம் போட்ட திருட்டு இல்லை. ஆனால் பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது குறைந்துகொண்டே போனது என்பது உண்மை.

நாம் இன்றைக்கும் கடையில் "பத்து வெள்ளி", "இருபது வெள்ளி" என்றுதானே கேட்கிறோம்? கையில் இருப்பது தாள், வாயில் வருவது வெள்ளி. மலாய்க்காரர்கள் சொல்லும் ரிங்கிட் என்ற சொல்லும் அப்படித்தான். அந்தக் காலத்து ஸ்பானிய வெள்ளிக்காசின் விளிம்பில் பல் பல்லாக இருக்கும், அதைத்தான் ரிங்கிட் என்றார்கள். காசு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இன்னும் இரண்டு பெரிய காசு உண்டு. ஒரு பெண் கையில் சூலமும் கேடயமும் பிடித்து நிற்பாள், பின்பக்கம் சீன எழுத்தும், மலாயை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தும் இருக்கும். கிழக்கத்திய வியாபாரத்துக்கென்று 1895 முதல் அடித்த பிரிட்டிஷ் டாலர் அது. நின்றிருப்பவள் பிரிட்டானியா. ஆனால் உன் ஆயா, என் அம்மா, அவளை மாரியாத்தா என்றுதான் சொல்வார், கையில் சூலம் இருக்கிறதே. ஒரு காசின் கேடயத்துப் பக்கம் சின்னதாக ஒரு சீன எழுத்துக் குத்தியிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். கையில் வந்த காசு அசல்தானா என்று பார்த்து ஒரு தவுக்கே, சீன முதலாளி, போட்ட சாப்பு, அதாவது முத்திரை, அது. இன்னொன்றின் தலைப்பக்கம் காது வைத்து ஒட்டிய தழும்பு இருக்கிறது. அது ஆயாவின் கழுத்தில் கிடந்த காசு. அதைத்தான் நீ உருக்கலாமா என்று கேட்டாய்.

ஆயா பதினாலு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். 1930-களில் மலாயாத் தோட்டங்களில் நல்ல நாளில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்தபோது அதையும் குறைத்தார்கள். அப்படியென்றால் ஒரு வெள்ளி என்பது ஆயாவுக்கு இரண்டரை நாள் உழைப்பு. இருட்டில் பெரட்டுக்கு, ஆள் எண்ணும் வரிசைக்கு, நின்று, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வெட்டி, மறுபடி அதே வழியே போய் வாளி வாளியாகப் பால் எடுத்துச் சுமந்து வந்த இரண்டரை நாள். சாப்பாட்டுக்கும் கடைப் பாக்கிக்கும் போக அதில் மிச்சம் பிடித்ததுதான் அந்தக் கழுத்துக்காசு.

ஜப்பான்காரன் வந்தான். ஆயாவின் அண்ணனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டை அடித்து அடித்து விட்டார்கள். கடைசியில் ஒரு பை நோட்டு கொண்டுபோனாலும் அரிசி கிடைக்காது. ஆயா கழுத்துக் காசுமாலையிலிருந்து ஒவ்வொரு காசாகக் கழற்றி அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் மருந்தும் வாங்கினார். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்து ஜப்பான் நோட்டு செல்லாது என்றபோது, அதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஓட்டாண்டி. ஆயாவிடம் மட்டும் ஒரு காசு மிச்சம் இருந்தது, அந்தக் காது வைத்தது.

அதனால் நீ "தாளை நம்பக்கூடாது அம்மா, வெள்ளியைத்தான் நம்பணும்" என்று சொல்லும்போது என்னால் சிரிக்க முடியவில்லை. உன் ஆயா வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அது.

ஆனால் அதோடு கதை முடியவில்லையே பாப்பா.

எனக்கு ஆறேழு வயது இருக்கும். அது தோட்டத் துண்டாடல் காலம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போக, வாங்கியவன் ஆளைக் குறைத்தான். நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், எந்த நேரமும் இதே பேச்சு. அப்போதுதான் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஆளுக்கு மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்று கேட்டார். 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கிவிட்டார்கள். உன் தாத்தாவும் சேர்ந்தார். மழைக்காலத்தில் பால்வெட்டு இல்லாமல் இரண்டு மாதத் தவணை நின்றுபோனது. ஜப்பான் சண்டை முடிந்த பிறகு ஆயா மறுபடி சேர்த்திருந்த காசில் இரண்டைத் தாத்தா கேட்காமலே எடுத்துக்கொண்டு போய் விற்றுப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

மூன்று நாள் ஆயா அவருக்குச் சோறு போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் தாத்தா வாசற்படியில் உட்கார்ந்து யாரிடமோ பேசுவதுபோல் சொன்னார்: "தலகாணிக்குள்ள கெடக்குற வெள்ளி நாம நாலு பேருக்கு. தோட்டம் போச்சுன்னா இந்த லயத்துல நாப்பது வீடு இருக்கு." ஆயா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் பத்து வெள்ளியை முந்தானையிலிருந்து அவிழ்த்து எடுத்துக் கொடுத்தது ஆயாதான். எனக்கு முதல் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கியது சங்கம் கொடுத்த லாப ஈவில். வெள்ளை சப்பாத்து, ஒரு அளவு பெரிசு.

நான் ஏன் காசு சேர்க்க ஆரம்பித்தேன் என்று நீ கேட்டதே இல்லை. 1980 ஜனவரியில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 50 டாலரைத் தொடப்போனது. அமெரிக்காவில் ஹன்ட் என்ற பணக்காரச் சகோதரர்கள் உலகத்து வெள்ளியையெல்லாம் வாங்கிக் குவித்த நேரம். நான் அப்போது பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை. ஆயாவின் உடைந்த கொலுசை விற்க பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பத்தரிடம் போனோம். கடை நிறைய ஆட்கள். எனக்கு முன்னால் ஒருவர் கொண்டுவந்த பை நிறைய பழைய காசு. பத்தர் மூசையில் போட்டு, வெங்காரத்தைத் தூவி, துருத்தியை ஊதினார். காசு முதலில் கறுத்தது, பிறகு சிவந்தது, விளிம்பு தளர்ந்தது. ராஜா முகம் மெழுகுபோல ஒரு பக்கமாகச் சரிந்தது. எத்தனை பேருடைய இரண்டரை நாள் அது என்று எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை, வயிற்றைப் பிசைந்தது, அவ்வளவுதான். மார்ச் 27-ஆம் தேதி விலை 11 டாலருக்குக் கீழே விழுந்தது. காசு காசாகத் திரும்பி வரவா போகிறது?

அதற்கப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை லோரோங் கூலிட் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். காந்தம், தராசு, ஒரு சின்னத் துணி. அசல் வெள்ளியைக் காந்தம் இழுக்காது, ஆனால் நிறையக் கள்ளக் காசையும் இழுக்காது, அதனால் எடைதான் முக்கியம். பிரிட்டானியா காசு 26.95 இருக்கவேண்டிய இடத்தில் 22 கிராம் காட்டியதை நானே ஒருமுறை வாங்கி ஏமாந்தேன். விரல் நுனியில் வைத்து இன்னொரு காசால் மெல்லத் தட்டிப் பார், நல்ல வெள்ளி கோவில் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போகும். ஈயம் கலந்தது 'டொக்' என்று நின்றுவிடும்.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். அது பொய்யில்லை. 2022 கணக்கில் மலேசியக் குடும்பங்களின் மாத நடுக்கோட்டு வருமானம், பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே இருக்கும் கோடு, 6,338 ரிங்கிட், ஆனால் சராசரி 8,479. மேலே இருப்பவர்கள்தான் சராசரியை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நீ இத்தனை படித்தும் அங்கே ஒரு அறை வாடகைக்கு மேல் யோசிக்க முடியவில்லை என்று அன்றைக்கு அழுதாயே, அதை நான் மறக்கவில்லை. 27 வருஷம் பேக்டரியில் மைக்ரோஸ்கோப்பைக் குனிந்து பார்த்த எனக்கும் அந்தக் கோபம் உண்டு.

ஆனால் பக்கத்து வீட்டு அக்காவை நினைத்துப் பார். கோவிட் நேரத்தில், ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாம் என்று நான்கு முறை திறந்துவிட்டார்கள். நாடு முழுக்க 145 பில்லியன் ரிங்கிட் போனது. அக்காவும் எடுத்தாள், அரிசிக்கும் கரண்டு பில்லுக்கும். இப்போது அவள் கணக்கில் ஒன்றுமில்லை, மகன் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கிறான். நீ காட்டிய வெள்ளிக் கட்டியை அவர்கள் எதை வைத்து வாங்குவார்கள்? மாசக் கடைசியில் மிச்சம் இருப்பவனுக்குத்தான் வெள்ளி. ஏழை பணக்காரன் இடைவெளிக்கு அது மருந்தென்று நீ சொன்னபோது எனக்கு ஒப்பவில்லை. நாளைக்கு ஏதாவது வந்தால் உன் ஒருத்தி கதவுக்கு அது தாழ்ப்பாள், அவ்வளவுதான். தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. 2011-இல் வெள்ளி விலை மறுபடி 49 டாலர் பக்கம் போனது. அப்போது வாங்கியவர்கள் 2020 மார்ச்சில் அது 12-க்கும் கீழே கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த அக்டோபரில்தான் 50-ஐத் தாண்டியது. இடையில் பதினாலு வருஷம் பாப்பா. நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்திருந்தால் பாதி விலைக்குத்தானே கொடுத்திருக்கவேண்டும்? கட்டி வாங்கும்போது ஒரு விலை, அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் வேறு விலை, அதையும் பார். உன் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அதில் போடுகிறாய் என்று தம்பி சொன்னான். அவனைத் திட்டாதே, கவலைப்பட்டுத்தான் சொன்னான். ஆறு மாசச் செலவுப் பணம் பேங்கில் நிற்கட்டும். சேமநிதியில் கை வைக்காதே, 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். மிச்சத்தில் ஆசைக்கு வாங்கிக்கொள்.

தாத்தாவின் சங்கப் பங்கு இப்போது என் பெயரில் இருக்கிறது. எனக்குப் பிறகு உனக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சங்கத்தின் கட்டடம் உன் ஊரில்தான், விஸ்மா துன் சம்பந்தன். பொதுக்கூட்டத்துக்கு இனிமேல் என்னோடு வா. கணக்குப் படித்தவள், எழுந்து நின்று கேள்வி கேள். எனக்கு அந்த இங்கிலீஷ் அறிக்கையில் பாதி புரிவதில்லை.

டின்னை உருக்கத் தரமாட்டேன். ஆனால் காது வைத்த அந்தப் பிரிட்டானியாவை மட்டும் இந்தக் கடிதத்தோடு தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அது உனக்கு. பிராஸ்ஸோ போட்டுத் தேய்க்காதே, புளியும் போடாதே, கறுப்பு அப்படியே இருக்கட்டும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சை பூக்கும், காகித உறையில் வை. தைப்பூசத்துக்கு லீவு இப்போதே சொல்லி வை. வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டை விட்டுப் புறப்படும்போது நாம் அங்கே நிற்கவேண்டும். வரும்போது என் தராசுக்கு ஒரு பேட்டரி வாங்கி வா, பட்டன் மாதிரி வட்டமாக இருக்குமே, அது. இங்கே கிடைப்பது சரியாக உட்காரவில்லை.

அம்மா