எண்ணிக் கழுவிய கிளாஸ்கள்

சாந்தன்பாறை

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் சுகம். முதல் எடுப்பு தொடங்கிவிட்டது. ராத்திரி ஸ்டோரில் ஏலக்காய் உலருகிற வாசம் வீடு வரைக்கும் வருகிறது. மூத்தவளுக்குத் தொடுபுழாவில் இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டித் தினமும் போன் பண்ணுகிறாள், அதனால் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று அர்த்தம்.

பொங்கலுக்கு வந்தபோது கட்டிலடியில் ஒரு புத்தகத்தை விட்டுப் போனாயே, அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’, அதைப் போன வாரம்தான் எடுத்தேன். மூன்று நாளாகக் கரண்டு இல்லை, டிவி இல்லை, வேறு வழியில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்தவன் விடியக் காலை நான்கு மணிக்குத்தான் எழுந்தேன். 1939-ல் வந்த நாவல் என்று நம்ப முடியவில்லை, அப்படி ஓடுகிறது. முன்பின் தெரியாத எட்டுப் பேர், வேலைக்காரத் தம்பதி ஒன்று, கரையை விட்டு விலகிய ஒரு தீவு. அழைத்த ஆளையே காணோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கிராமபோன் தட்டு ஒன்று ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, நீ இன்ன கொலை செய்தாய் என்கிறது. அப்புறம் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். புயலில் படகு வராது.

நீ அன்றைக்கு இது குற்ற உணர்ச்சியைப் பற்றிய கதை என்றாய். எனக்கு அப்படிப் படவில்லை. யாரை நம்புவது என்பதில்தான் எல்லாமே கோளாறாகிறது. தீவு முழுக்கத் தேடிவிட்டு, வெளியாள் ஒருவனும் இல்லை, கொலைகாரன் நமக்குள்ளேயேதான் இருக்கிறான் என்று தெரிகிற இடம் இருக்கிறதே, அதற்குப் பிறகு அந்த டாக்டர் யாரிடம் போய் ஒட்டிக்கொள்கிறான்? நீதிபதியிடம். வயசான ஆள், கணீரென்று பேசுகிறார், சட்டம் தெரிந்தவர். அவர்தான் கொலைகாரர் என்று தெரியாமல், அவர் செத்தது போல நடிக்கத் துணை போய்க் கடைசியில் பாறையிலிருந்து கடலில் விழுகிறான். லொம்பார்டைப் பார். ஆப்பிரிக்காவில் 21 பேரைச் சாக விட்டுவிட்டு வந்தேன், ஆமாம், என்று வந்த ராத்திரியே ஒப்புக்கொண்டவன் அவன். நல்லவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன்னைப் பற்றிக் கூசாமல் உண்மையைச் சொன்னவன். அவனைத்தான் கூட வந்த விருந்தாளி வேரா சுட்டுக் கொல்கிறாள்.

கிறிஸ்டியே 1943-ல் இதை நாடகமாக்கினபோது முடிவை மாற்றிவிட்டாராம், தெரியுமா? மேடையில் அந்த இரண்டு பேரும் பிழைத்துக்கொள்கிறார்கள். லண்டனில் போர் நடந்துகொண்டிருந்த நேரம், அவருக்கும் மனசு வரவில்லையோ என்னவோ. எனக்கு நாவலின் முடிவுதான் பிடித்தது. சாப்பாட்டு மேஜை மேல் பத்துப் பொம்மைகள், ஒவ்வொரு சாவுக்கும் ஒன்று குறைகிறது. அந்தப் பொம்மைகள்தான் எனக்கு 2018 வெள்ளத்தை ஞாபகப்படுத்தின.

அந்தக் கதையை உனக்குச் சொன்னதே இல்லை. செறுதோணி அணையின் ஐந்து ஷட்டரையும் முதல் தடவையாகத் திறந்த அதே ஆகஸ்ட் மாதம். பூப்பாறை தாண்டி மண் சரிந்து, போகவும் முடியாமல் வரவும் முடியாமல் ஏழு பேர் ஒரு சாயாக் கடையில் மாட்டிக்கொண்டோம். இரண்டு ராத்திரி. கடைக்காரச் சேச்சி தனியாள். கட்டன் சாயாவும் கப்பையும் கொடுத்தாள், காசு கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கிளாஸைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து, விரலை வைத்து எண்ணுவாள். ஒன்று, இரண்டு என்று வாய் அசையும், சத்தம் வராது. இரண்டாம் ராத்திரி ஒன்று குறைந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மூலையில் ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தான், கண் சிவப்பு, கையில் பெரிய வெட்டுத் தழும்பு. நான் அவனைத்தான் பார்த்தேன். பர்ஸை எடுத்து உள் பனியனுக்குள் சொருகிக்கொண்டேன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

காலையில் கிளாஸ் கிடைத்தது. கடைக்குப் பின்னால் ஒரு கல் மேல், பல் விளக்கத் தண்ணீர் மொண்டு போன எவனோ வைத்துவிட்டு வந்திருக்கிறான். சேச்சி சிரித்துக்கொண்டே அரிவாள்மனையைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அடுப்பங்கரையில் வைத்தாள். நானும் சிரித்து, ‘டிரைவரைப் பார்த்துப் பயந்துட்டீங்களா சேச்சி’ என்றேன். ‘அவனையோ? அவன் மாசா மாசம் இந்த வழியா வர்றவன். பேடிச்சது உங்களைத்தான்’ என்றாள். எல்லாரிடமும் எங்கே போகிறீர்கள், எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டிருக்கிறேன். இடையிடையே நோட்டை எடுத்து எதையோ எழுதியிருக்கிறேன். தோட்டத்துக் கூலிக் கணக்கு, சேகர்! அதைத்தான் எழுதினேன். இருட்டில் டார்ச் அடித்து எழுதினால் பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

டிரைவர் இதைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தான். மண் அள்ளி வழி விட்டதும் என்னைத் தேவிகுளம் வரைக்கும் அவன் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனான்.

புத்தகத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன், 112-ம் பக்கத்தில் மெழுகு சொட்டிவிட்டது, திட்டாதே. இந்தக் கடிதத்தையும் அதற்குள்ளேயே வைத்து, நாளைக் காலை போடிக்குக் காய் ஏற்றிப் போகிற ஜீப்பில் தொற்றிக்கொள்ளும் ஒரு பையனிடம் கொடுக்கப் போகிறேன். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில்தான் வீடு என்கிறான். பேர் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அப்புறம் கேட்கவில்லை. வந்து சேர்ந்ததும் ஒரு போன் போடு.

உன்
பாலு