முட்டையல்ல, பாறை

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்மாய் தூர்வாரும்போது உருண்டையாக ஒரு கல் அகப்பட்டால் போதும், ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் அன்றே பரவிவிடுகிறது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே அப்படிப் பரபரப்பூட்டியவை, அம்மோனைட் என்னும் கடலுயிரியின் எச்சத்தைச் சுற்றித் திரண்ட படிவங்களே என்று நிலவியலாளர்கள் விளக்கினர். அப்பகுதி அக்காலத்தில் கடலடியில் இருந்ததால் அங்கு அது இயல்பு. ஆனால் மதுரை யானைமலை போன்ற நம் குன்றுகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமியின் ஆழத்தில் உருவான பாறைகள்; டைனோசர்கள் தோன்றியதோ ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அந்தப் பாறைக்குள் முட்டையைத் தேடுவது வீண்வேலை.

டைனோசரின் வாரிசைக் காண விரும்புவோர், பறவைகள் அவ்வழி வந்தவையே என்பதால், மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டிக்குச் செல்லலாம். 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரின் குன்றுகளில், செங்குத்தான பாறையில் வெள்ளை எச்சக் கோடுகள் வழிந்திருக்கும் இடத்துக்கு மேலே பார்த்தால், லகர் வல்லூறு அமர்ந்திருக்கக்கூடும். வல்லூறுகள் முட்டையிட்டு அடைகாக்கும் தை, மாசி மாதங்களில் பாறையேறிப் படமெடுப்பதைத் தடுக்கும் அறிவிப்புப் பலகைகளை அங்கு வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மேலூர்