மேசை ஹாக்கிக்கும் பராமரிப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக்குள் ஆடும் விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில், ஆளுக்கு 6 கம்பிகளைத் தள்ளியும் திருகியும் பொம்மை வீரர்களை இயக்கும் மேசை ஹாக்கியும் இடம்பெற்றது மகிழ்ச்சி அளித்தது. அதன் பராமரிப்பு குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஏற்காட்டில் மழைக்கால மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுவதால், எஃகுக் கம்பிகளில் பலகைக்கு அடியில், கண்ணில் படாத பகுதியில் துரு ஏறிவிடுகிறது. ஆகவே அவ்வப்போது பலகையைக் கவிழ்த்து, கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கான் எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். கைக்கு எட்டுகிறதே என்று பலரும் தடவும் தேங்காய் எண்ணெயை அறவே தவிர்க்க வேண்டும். அது இங்குள்ள குளிரில் உறைந்து, தூசியையும் சேர்த்துக்கொண்டு, கம்பியை முன்னிலும் இறுகப் பிடித்துவிடும்.

பொம்மை தன் முளையில் தளர்ந்து ஆடினால், குழாய் வேலைக்குரிய டெஃப்லான் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பொருத்தலாம். பலகை சற்றே சாய்ந்திருந்தாலும் பக் எனப்படும் ஆட்ட வட்டு ஒரு பக்கமாகவே ஒதுங்கும் என்பதால், ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தச்சர்கள் பயன்படுத்தும் சி கிளாம்ப்பால் பலகையை மேசையோடு இறுக்கிவிட்டால், 5 நிமிட ஆட்டம் எவ்வளவு சூடுபிடித்தாலும் அது நகராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.