சிலிண்டர் சைஸ் தலைகீழா குடுத்திருக்கீங்க, மாத்திக் குடுங்க

வணக்கம் சார்,

ரீப்ரீதருக்குன்னு (விட்ட மூச்சையே சுத்தம் பண்ணி திரும்ப சுவாசிக்க விடுற டைவிங் கருவி) உங்ககிட்ட வாங்குன சிலிண்டர்ல சின்னதா இருக்க வேண்டியது பெருசா இருக்கு, பெருசா இருக்க வேண்டியது சின்னதா இருக்கு. ஆர்டர் போடும்போதே சொன்னேன், மட்டக்களப்பு கடல்ல கிடக்குற ஹெர்மிஸுக்கு போறோம், 1942ல ஜப்பான் விமானங்க குண்டு போட்டு முக்குன கப்பல், ஆழம் 53 மீட்டர் வரைக்கும் இருக்குன்னு. உங்க சேல்ஸ் ஆளு எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டு ஆக்சிஜனுக்கும் டைலுவென்ட்டுக்கும் (ஆக்சிஜனோட கலக்குற கேஸ்) 3 லிட்டர் ஸ்டீல் ரெண்டு, பெயில்அவுட்டுக்கு (கருவி கைவிட்டா சுவாசிச்சு மேல வர்ற அவசர கேஸ்) அலுமினியம் 40 ஒண்ணு அனுப்பிட்டாரு.

ஆக்சிஜனுக்கு எதுக்கு சார் 3 லிட்டர்? எவ்ளோ ஆழம் போனாலும் உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறாது, நிமிஷத்துக்கு சுமார் 1 லிட்டர்தான், 2 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் அடிச்சாலே 400 லிட்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல வரும், அவ்ளோ நேரம் கீழ நான் என்ன குடித்தனமா பண்ணப்போறேன். டைலுவென்ட்டும் இறங்கும்போது லூப்புக்கும் (மூச்சு சுத்தி வர்ற குழாய்ப்பாதை) பிசிடிக்கும் (மிதப்பை சரி பண்ற காத்து ஜாக்கெட்) கொஞ்சம்தான் போகும், அந்த வெதுவெதுப்பு தண்ணில கேஸ் அடிக்க வேண்டிய ட்ரைசூட்டும் (தண்ணி புகாத உடை) கிடையாது. இந்த 3 லிட்டரை வச்சா என் யூனிட் கவரே மூட மாட்டேங்குது.

அதைக்கூட விட்டுடலாம், பெயில்அவுட்டை விட முடியாது. "ரீப்ரீதர்ல கேஸ் கம்மியாதானே சார் செலவாகும்"னு போன்ல பாடம் எடுக்குறாரு. லூப் ஒழுங்கா ஓடுற வரைக்கும்தான் அது! கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுற ஸ்கிரப்பர் கைவிட்டு அந்த வாயு ஏறிடுச்சுன்னா மேல்மூச்சு வாங்கும், நிமிஷத்துக்கு 40 லிட்டர் ஈஸியா இழுப்போம், 53 மீட்டர்ல அழுத்தம் 6.3 பார், பெருக்கிப் பாருங்க, நிமிஷத்துக்கு 250 லிட்டர் காலி. அலுமினியம் 40ன்னா 5.7 லிட்டர் சிலிண்டர், ஃபுல்லா அடிச்சாலும் 1,140 லிட்டர்தான், அடிமட்டத்துலயே நாலரை நிமிஷத்துல முடிஞ்சுடும், அப்புறம் உடம்புல கரைஞ்ச வாயு வெளியேற நடுவுல நின்னு வர்ற டீகோ ஸ்டாப்ல எதை சுவாசிக்கிறது? 11 லிட்டர் அலுமினியம் 80 ஒண்ணு போட்டாலே கீழ ஒன்பது நிமிஷம் தாண்டாது, அதான் இந்த ஆழத்துக்கு ரெண்டு கட்டிட்டு போறோம். இதெல்லாம் தெரியாம ரீப்ரீதர் சாமான் விக்கலாமா? அன்னிக்கு ஸ்டாக்ல 40 மட்டும்தான் இருந்துச்சுன்னு உங்க குடோன் தம்பியே சொல்லிட்டாரு.

ரிட்டன் கேட்டா ஆக்சிஜனுக்குன்னு கிளீன் பண்ணது திரும்ப எடுக்க மாட்டோம்ங்கறீங்க. ஒண்ணுலயும் கேஸ் அடிக்கல, வால்வு மூடி கூட கழட்டல, போட்டோ இணைச்சிருக்கேன். மூணையும் எடுத்துக்கிட்டு 2 லிட்டர் ரெண்டும் அலுமினியம் 80 ரெண்டும் குடுங்க, விலை வித்தியாசம் நான் கட்டுறேன், லாரி செலவு உங்களோடது. சீசன் முடியறதுக்குள்ள வேணும். இல்லன்னா பணத்தை திருப்பி போடுங்க, பில் கையில இருக்கு, நுகர்வோர் கோர்ட்டுக்கு போறேன்.